நிலாவின் மதிலுக்கு ஓர் உபயதாரர்

சூரியக் குடும்பத்திலேயே உயரமான செங்குத்துப் பாறை யுரேனஸின் ஒரு துணைக்கோளில் இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அது எப்படி உண்டானது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "அது யாருதுங்க?" என்றுதான் கேட்பார்கள். சோமனூரைச் சுற்றி எந்தக் காலி இடத்தைக் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். யாருடையதும் இல்லை என்றால், பட்டா வாங்கத் துப்பில்லாதவள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நான் சோமனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன், ஜன்னலுக்கு வெளியே விசைத்தறி தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டுமே காதில் விழுவதில்லை. தாளாளர் நூற்பாலை முதலாளி. நூல் வியாபாரம் படுத்துக்கொண்ட ஒரு வருடத்தில் அவருக்குக் கல்வித் தொண்டு செய்ய வேண்டும் என்று ஞானோதயம் வந்தது. அதன் விளைவுதான் இந்தக் கல்லூரி.

மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அவர்களுக்குக் காட்டப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று தாளாளர் துறைத்தலைவர்களைக் கூப்பிட்டார். பக்கத்துக் கல்லூரியில் மூலிகைத் தோட்டம் வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் செயற்கை அருவி. எனவே நமக்குக் கோள் பூங்கா என்றார் முதல்வர். அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. தலையாட்டுவதைத் தவிர அந்தத் தலை வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கோள் பூங்கா என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரும்புக் குழாய்களில் சில உருண்டைகள், வண்ண பெயின்ட், சனிக்கு மட்டும் சைக்கிள் ரிம். அதனால் நான் எழுந்து, உருண்டைகள் வேண்டாம், மற்ற உலகங்களில் உள்ள செங்குத்துப் பாறைகளை மட்டும் செய்து வைப்போம் என்றேன். நாலே நாலு பாறைகள். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே ஒரு கிலோமீட்டர் என்றால் இங்கே ஒரு அடி. எந்தப் பாறைக்கும் இந்தக் கணக்கு மாறக்கூடாது.

"சரிங்க அம்மணி. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் தாளாளர்.

வெளியூர்க்காரர்கள் கொங்குத் தமிழின் மரியாதையைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அவர்கள் இங்கே வேலை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஒத்துக்கொண்டாலும் 'சரிங்க'தான், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் 'சரிங்க'தான். எந்தச் 'சரிங்க' என்பது காரியம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியும்.

அந்தக் கணக்கின் மீது எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தவர்கள். இந்தக் கல்லூரி நிற்கிற நிலத்தில்தான், இதே தாளாளரின் அப்பா காலத்தில், என் அப்பா தண்ணீர் கட்டினார். அப்பா ஆறடி மனிதர். ஆனால் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது, கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைவிடக் குள்ளமாகத் தெரிவார். அப்படித் தெரியும்படி எங்கே மடங்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்கு எழுந்து நிற்கும்போது மட்டும்தான் அவருடைய முழு உயரத்தைப் பார்த்திருக்கிறேன். இதைத் தாளாளரும் என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இந்த நிலத்தில் ஒரே ஒரு இடத்திலாவது உயரம் என்பது ஆள் பார்க்காமல், அளந்து வைக்கப்பட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்தப் பூங்காவில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாலு பாறைகளையும் நானே தேர்ந்தெடுத்தேன். முதலாவது யுரேனஸின் துணைக்கோளான மிராண்டாவில் இருப்பது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரே ஒரு விண்கலம் அந்தப் பக்கமாகப் போகிற போக்கில் எடுத்த படங்களை வைத்துச் சொன்னது, குறைவாகவும் இருக்கலாம். எங்கள் கணக்குப்படி இருபது அடி. இரண்டாவது செவ்வாயின் பெரிய எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றியிருக்கும் விளிம்பு. சில இடங்களில் எட்டு கிலோமீட்டர் எழும்புகிறது, எனவே எட்டடி. மூன்றாவது புதனில் இருப்பது. புதனின் உள்ளே இருக்கும் இரும்பு ஆற ஆற அந்தக் கோளே சுருங்கி, மேலோடு உடைந்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் ஏறிக்கொண்டது. அது இரண்டடி. நாலாவது நம் நிலாவில் உள்ள நேர்மதில். தொலைநோக்கியில் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் கறுப்புக் கோடு. ஆனால் உயரம் முந்நூறு மீட்டருக்கு மேல் இல்லை, சரிவும் நடந்தே ஏறலாம் என்கிற மாதிரிதான். நீளம் மட்டும் நூற்றுப் பத்து கிலோமீட்டர். எங்கள் பூங்காவில் அது நூற்றுப் பத்து அடி நீளமும் நாலு விரல் உயரமும் இருக்கும்.

தாளாளர் கணக்கைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "நம்ம வெள்ளியங்கிரி இந்தக் கணக்குக்கு எத்தன ஒசரம் வருமுங்க?"

"ரெண்டடிக்கும் கொறச்சலுங்க."

"அத மட்டும் போர்டுல எழுதிராதீங்க அம்மணி."

வேதியியல் துறைக்காரர் வேறு தன் பங்குக்கு வந்தார். மிராண்டாவின் உச்சியிலிருந்து குதித்தால் கீழே வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகுமாம், பூப்போல இறங்கலாமாம், ஏதோ வீடியோவில் பார்த்தாராம். ஈர்ப்பு குறைவுதான், பன்னிரண்டு நிமிடமும் சரிதான். ஆனால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் அந்த வேகத்தில் வருகிற காரின் முன்னால் போய் நின்றுவிட்டுப் பூவைப் பற்றிப் பேசலாம் என்றேன். அதிலிருந்து அவர் என்னோடு டீ குடிப்பதில்லை. எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உபயதாரர்கள் வரும்வரை.

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் 'உபயம்' என்று போட்டு, பெயர், அப்பா பெயர், கம்பெனி பெயர், கிளைகள் எல்லாம் எழுதுவார்கள். அதற்கப்புறம் அந்த லைட்டிலிருந்து வெளிச்சம் வர வழியிருக்காது. அதே பக்தியோடு பாறைகளுக்கும் ஆள் பிடித்தார் தாளாளர். புதனை ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். செவ்வாயை யாரும் தொடவில்லை. கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு செவ்வாயில் பேர் போட்டுக்கொள்ள எவருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் காந்திபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் சிக்கினார். அவருக்கு இரண்டும் பையன்கள்.

மிராண்டாவையும் நிலாவையும் எடுத்துக்கொண்டவர்கள் பங்காளிகள். பெரியப்பன் மகன், சித்தப்பன் மகன். பெரியவர் என்றும் சின்னவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் எதிரெதிரே தறிக் கொட்டகைகள். ஒரு வரப்பு யாருடையது என்று வெகுகாலமாகக் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். சாவு வீட்டில்கூட ஒருவர் வந்து போன பிறகுதான் மற்றவர் வருவார்.

இருவரில் சின்னவருக்குத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. எந்தப் பாறை எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார். "மிராண்டாவாவது மண்ணாங்கட்டியாவது, எவனுக்குங்க தெரியும்? நிலான்னா பச்சப்புள்ளைக்கும் தெரியுமுங்க. நிலாவுக்கு என்ற பேரப் போடுங்க." மிச்சமிருந்த மிராண்டாவைப் பெரியவர் தலையில் கட்டினார்கள். அன்று சின்னவர் ஜெயித்த முகத்தோடு போனார்.

பொங்கலுக்கு முன் வேலை பெரும்பகுதி முடிந்தது. கொத்தனார் கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமென்ட் பூசி மிராண்டாவை இருபது அடிக்கு எழுப்பிவிட்டார். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தக் கல்லூரியில் எனக்கு அப்படி இருந்தது அபூர்வம்.

பிறகு சின்னவர் தன் குடும்பத்தையும் மைத்துனர் குடும்பத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு நிலாவைப் பார்க்க வந்தார். அவர் பெயர்ப்பலகை ஆளுயரத்துக்கு நின்றது. அதன் பின்னால் நூலகம்வரை, நாலு விரல் உயரத்தில் ஒரு சிமென்ட் மேடு. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பங்காளியின் இருபது அடியைப் பார்த்தார். மைத்துனர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, என்னுங்க இது?"

"நிலாவுல இருக்கற நேர்மதிலுங்க."

"இது மதிலுங்களா? இது வரப்புங்க! ஒரு வரப்புக்கே கோர்ட்டுப் படியேறிச் செருப்புத் தேயுது. இன்னொண்ணக் கட்டி என்ற பேர எழுதி வெச்சிருக்கறீங்களே!"

நான் விளக்கினேன். ஒரு கிலோமீட்டர், ஒரு அடி. அவர் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் நிலா எட்டடி வளர்ந்திருந்தது. நீளத்தைப் பாதியாக வெட்டிவிட்டு உயரத்தில் சேர்த்திருந்தார்கள். கொத்தனாரைக் கேட்டேன். "மொதலாளி சொன்னாருங்க, செஞ்சுபோட்டனுங்க" என்றார். அந்த வாரமே பெரியவருக்குச் செய்தி போயிற்று. மிராண்டா இருபத்தைந்து அடி ஆனது. உடனே நிலா பதினைந்து. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கொத்தனாருக்கு. காலையில் ஒருவர் கூலியும் மாலையில் மற்றவர் கூலியும் வாங்கிக்கொண்டு அவர் இரண்டு உலகங்களையும் வளர்த்துக்கொண்டிருந்தார். புதனை எடுத்த நகைக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, தனக்கு மட்டும் என்ன இரண்டடி என்று போன் போட்டார். வெயிலில் போட்ட வடகம்போல் சுருங்கிப்போன கோள் அது என்று சொன்னேன். சுருங்கின சரக்கை யார் தன் தலையில் கட்டச் சொன்னது என்று அவர் கேட்டார்.

தாளாளர் பஞ்சாயத்துக் கூட்டினார். அவர் அறையில் நாலு உபயதாரர்களும் உட்கார்ந்திருந்தார்கள், பங்காளிகள் இருவரும் வேறு வேறு சுவரைப் பார்த்தபடி. முதல்வர் காபி டம்ளர்களைத் தானே நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. நாலு பாறையும் ஒரே உயரம். பதினைந்து அடி.

"யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாமுங்க. எல்லாரும் சமமா இருந்துக்கலாமுங்க" என்றார் தாளாளர்.

சமமாம். என் அப்பா இந்த மண்ணில் முதுகு வளைந்த காலமெல்லாம் இவர்கள் குடும்பத்தில் எவர் வாயிலும் வராத சொல், நாலு முதலாளிகளின் சிமென்ட் சுவருக்காக எவ்வளவு சுலபமாக வந்தது! எல்லாரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும் என்று நான் கேட்டேன். இவர்கள் கோலைத் தூக்கி எறிந்துவிட்டு, தங்களுக்குள் ஒரே உயரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

"இது தப்புங்க. குழு வந்து கேட்டா நான் என்னுங்க சொல்றது?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க அம்மணி. பேர மட்டும் சொல்லுங்க. இது நிலா, இது செவ்வாய்ன்னு. ஒசரத்தப் பத்தி எவன் கேக்கப் போறானுங்க?" என்றார் தாளாளர்.

மிராண்டாவின் தலையைப் பத்தடி உடைத்து எடுத்தார்கள். இரண்டடிப் புதன் பதினைந்தடிக்குப் போனது. நான் வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பார்த்தேன். எழுதிவிட்டுக் கிழித்தேன். நான் போய்விட்டால் அந்தச் சுவர்கள் மட்டும் நிற்கும், அவை பொய் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது.

குழு வந்தது. ஷாமியானா, மைக், பொன்னாடை எல்லாம் இருந்தன. இரண்டு பங்காளிகளுக்கும் ஒரே நொடியில் பொன்னாடை போர்த்த இரண்டு பேராசிரியர்களை ஒத்திகை பார்க்கவைத்திருந்தார் முதல்வர். கல்லூரியில் நடந்த உருப்படியான ஒரே பயிற்சி அதுதான். குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற அறிவியல் பேராசிரியர். நாலு பாறைகளையும் சுற்றி வந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அளவு உணர்வு அபாரமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். அறிவியல் படித்து, ஆயுசு முழுக்க அதில் சம்பளம் வாங்கிய மனிதர். ஒரே உயரத்தில் நிற்கும் நாலு சுவர்களைப் பார்த்து அளவு உணர்வு என்கிறார். அங்கிருந்த அத்தனை பேரிலும் அவர்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு வந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பெயர்களைச் சொல்ல.

நான் பெயர்களைச் சொன்னேன். முன்வரிசையில் தாளாளர் புன்னகையோடு தலையாட்டினார். சொல்லி முடித்து மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மாணவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், பல பேர் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். நாளைக்குப் பரீட்சைத் தாளில் நிலாவின் மதிலும் மிராண்டாவின் பாறையும் ஒரே உயரம் என்று எழுதுவார்கள். அதற்கு நான் பூஜ்ஜியம் போட வேண்டும்.

"இங்க நிக்கற நாலுமே பதினஞ்சு அடிங்க. ஆனா அங்க அப்படி இல்லீங்க" என்றேன். "மிராண்டாவுல இருக்கறது இருவது கிலோமீட்டருங்க. செவ்வாயில எட்டு. புதன்ல ரெண்டு. நிலாவுல இருக்கறது அரக் கிலோமீட்டருகூட இல்லீங்க. கிலோமீட்டருக்கு ஒரு அடின்னு நாயமா அளந்திருந்தா, அந்த நிலாச் செவுரு இவ்வளவுதானுங்க இருக்கும்." நாலு விரல்களைச் சேர்த்துப் படுக்கைவாக்கில் நீட்டிக் காட்டினேன்.

முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேலாக ஒரு சிரிப்பு வந்தது. பெரியவர். பொன்னாடை நழுவி விழும்படி, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சின்னவர் எழுந்து, பொன்னாடையை நாற்காலியில் எறிந்துவிட்டு வேனை நோக்கி நடந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த உண்மை, ஒரு முதலாளி இன்னொரு முதலாளியை அடிக்கிற குச்சியாகப் போயிற்று. இருந்தாலும் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். குழுத் தலைவர் மட்டும் ஒன்றும் புரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று கை தட்டினார்.

மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் திட்டமாட்டார்கள் என்பதை நான் மறந்திருக்கக்கூடாது.

"நல்லாப் பேசுனீங்க அம்மணி" என்றார். மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லோணுமுங்க. உங்கப்பா எங்க தோட்டத்துல அத்தன வருசம் இருந்தாருங்க. என்ற அய்யன் முன்னால ஒரு நாளு, ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்லீங்க. தங்கமான மனுசனுங்க."

இத்தனை காலம் அவர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, எனக்கு அம்மணி பட்டம் கொடுத்து, சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவருக்கு யாரும் மைக் குடுக்கலீங்க" என்றேன்.

தாளாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் என் முன்னால் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நின்று, கதவைக் காட்டினார்.